செமாக் மியூல்: காசோலை வாங்கும் வணிகர்களுக்கு எவ்வளவு துணை?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணியும் நகையும் விற்கும் நம்மவர்களுக்கு, அரச மலேசியக் காவல்துறை கட்டணமின்றி வழங்கும் ‘செமாக் மியூல்’ இணையச் சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ உள்ளிட்டால், அதன்மீது காவல்துறையில் புகார் உள்ளதா என்று உடனே காட்டுகிறது. தமிழில் இல்லாதது முதிய வணிகர்களுக்குக் குறைதான்.

ஆனால், போலி வங்கிக் காசோலையை இது கண்டுபிடிக்காது. காசோலையைச் செலுத்தியதும் கணக்கில் தெரியும் தொகை, அதை வழங்கியதாகச் சொல்லப்படும் வங்கி ஏற்றுத் தீர்வு செய்யும் வரை நம் பணமன்று. அந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர், தொகையைக் கூடுதலாக எழுதிவிட்டதாகச் சொல்லி, மீதியை வேறொரு கணக்குக்கு உடனே அனுப்புமாறு நெருக்குவார். அந்தக் கணக்கு எண்ணைச் சோதிக்கும்போதே இச்சேவையின் முழுப் பயன் தெரிகிறது. புதிய கணக்கின்மீது எவரும் புகார் அளித்திருக்கமாட்டார்கள் என்பதால், புகாரில்லை என்ற விடையை நற்சான்றாகக் கொள்ளக்கூடாது. காசோலையில் அச்சிட்ட எண்ணை விடுத்து, நாமே தேடியெடுத்த எண்ணில் வங்கியை அழைத்து உறுதிசெய்ய வேண்டும். பணம் போய்விட்டால், 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தை 997இல் தாமதமின்றி அழையுங்கள்.