மேய்ச்சல் நிலத்தில் மீளும் காடு: ஆஸ்திரேலியக் கார்பன் கிரெடிட் வாங்கிய அனுபவம்

குடும்பத்தின் விமானப் பயணங்களால் வெளியாகும் கரியமில வாயுவை ஈடுசெய்ய, சென்ற ஆண்டு ஓர் இடைநிலை நிறுவனத்தின் வழியாகப் பன்னிரண்டு ஆஸ்திரேலியக் கார்பன் கிரெடிட் அலகுகளை வாங்கினேன். ஓர் அலகு என்பது காற்றில் சேராமல் தடுக்கப்பட்ட அல்லது காற்றிலிருந்து உறிஞ்சப்பட்ட ஒரு டன் கரியமில வாயுவுக்கு நிகரானது. நாற்று எதுவும் நடாமல், ஆடுமாடுகளின் மேய்ச்சலைக் கட்டுப்படுத்தி, மண்ணில் ஏற்கெனவே உள்ள விதைகளும் வேர்க்கட்டைகளும் தாமாகவே காடாக வளர வழிவிடும் முறையில் அவை உருவானவை.

இந்த முறை 2013இல் நடைமுறைக்கு வந்து 2023 செப்டம்பரில் புதிய திட்டங்களுக்கு மூடப்பட்டது. முன்பே பதிவான திட்டங்கள் தொடர்கின்றன. இரண்டு மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள மரங்களின் கவிகை (கிளையும் இலையும் விரிந்த பரப்பு) குறைந்தது 20 விழுக்காட்டு நிலத்தை மூடினால்தான் அது காடாகக் கொள்ளப்படும். காட்டை 25 ஆண்டுகள் மட்டும் காப்பதாக ஒப்புக்கொள்பவருக்கு அலகுகளில் 20 விழுக்காடு குறைக்கப்படுகிறது. 100 ஆண்டுகளுக்கு ஒப்புக்கொண்டால் அந்தக் குறைப்பு இல்லை. இவை நியாயமான விதிகள்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. நியூ சவுத் வேல்ஸின் மேற்கிலும் குயின்ஸ்லாந்தின் தென்மேற்கிலும் பரவியுள்ள முல்கா என்னும் வேல வகை மரங்கள் வளரும் வறண்ட நிலங்களில், மரக்கன்றுகள் பெருமளவில் வேர்பிடிப்பது நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில்தான். ஆகவே மரம் கூடியிருந்தால் அது வேலியால் கூடியதா, மழையால் கூடியதா என்று பிரித்தறியாமல் அலகின் மதிப்பைச் சொல்ல முடியாது. 182 திட்டங்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, திட்டப் பகுதிகளில் ஏற்பட்ட மாற்றம் சுற்றுப்புற நிலங்களில் ஏற்பட்டதிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை என்று கண்டது. அதற்கு முன், அறிவியலாளர் இயன் சப் தலைமையில் அரசு அமைத்த குழு 2022இல் ஆஸ்திரேலியக் கார்பன் கிரெடிட் ஏற்பாட்டின் அடிப்படை சரியானதே என்று கூறியிருந்தது. அலகுகள் மரம் மரமாக அளந்து தரப்படாமல் கணினி மாதிரியைக் கொண்டு கணக்கிடப்படுவதால், இந்தக் கருத்து வேறுபாடு வாங்குபவரை நேரடியாகப் பாதிக்கிறது.

எனக்கு வந்த சான்றிதழில் திட்டத்தின் எண்கூட இல்லை. மூன்று மடல்கள் எழுதி அதைப் பெற்று, பொதுப் பதிவேட்டின் வரைபடத்தைப் பழைய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டபோது, திட்டம் தொடங்கும் முன்பே அந்த நிலத்தின் கணிசமான பகுதியில் மரங்கள் நின்றதைக் கண்டேன். அந்த இடத்தில் புதிதாக என்ன வளர்ந்தது என்று கேட்டதற்கு நிறுவனம் பொதுவான விளக்கக் கையேட்டையே திரும்ப அனுப்பியது. அது எனக்கு மிகுந்த ஏமாற்றத்தைத் தந்தது.

பூர்வீகக் காடு மேய்ச்சல் நிலத்தில் மீண்டும் எழ வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மண்ணுக்கும் பறவைகளுக்கும் அதனால் விளையும் நன்மையை விரும்பித்தான் பணம் கொடுத்தேன். ஆனால் நான் வாங்கிய அலகுகளுக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண்களுக்கு மேல் தர இயலவில்லை. இனி, இயந்திரம் கொண்டு மரங்களை மீண்டும் மீண்டும் அழித்துவந்த நிலத்தில், அந்த அழிப்பு நின்ற நாளும் அதன் பின்னர் காடு வளர்ந்த படங்களும் சான்றாகத் தரப்படும் அலகுகளை மட்டுமே வாங்குவேன் என்று அந்நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன்.