ஆல்ட்-டேப்பா, டாஸ்க் வியூவா?

விண்டோஸ் கணினியில் ஏராளமான சாளரங்கள் திறந்திருக்கும்போது, வேண்டியதைக் கண்டுபிடிக்க எது ஏற்றது: ஆல்ட், டேப் விசைகளைச் சேர்த்து அழுத்திச் சாளரம் மாற்றும் ஆல்ட்-டேப்பா, திறந்திருக்கும் சாளரங்களைத் திரையில் பரப்பிக் காட்டும் டாஸ்க் வியூவா?

வேகம்: ஆல்ட்-டேப், கடைசியாகப் பயன்படுத்திய வரிசையில் சாளரங்களை அடுக்குவதால், இரண்டு ஆவணங்களுக்கிடையே மாறி மாறி வேலை செய்பவருக்கு ஒரே தட்டலில் காரியம் முடிகிறது, பத்தாவது சாளரத்தைத் தேடுபவரோ ஆல்ட் விசையை விடாமல் டேப்பைத் தட்டிக்கொண்டே போக வேண்டும், அவசரத்தில் கடந்துவிட்டால் ஷிப்டையும் சேர்த்து அழுத்திப் பின்னோக்கி வர வேண்டும். விண்டோஸ் விசையையும் டேப்பையும் அழுத்தித் திறக்கும் டாஸ்க் வியூ சற்று மெதுவானது.

தேடும் வசதி: டாஸ்க் வியூ, கையை எடுத்த பின்னும் திரையில் நிற்பதால், நிதானமாகப் பார்த்துச் சுட்டியால் தேர்ந்தெடுக்கலாம்.

ஒழுங்கு: 2015இல் விண்டோஸ் 10உடன் வந்த டாஸ்க் வியூவில், அலுவலக வேலையையும் சொந்த வேலையையும் தனித்தனி மேசைத்தளங்களாக (டெஸ்க்டாப்) பிரிக்கலாம், ஆல்ட்-டேப்பில் அதற்கு வழியில்லை.

இரண்டு மூன்று சாளரங்களுக்குள் புழங்குபவருக்கு ஆல்ட்-டேப்பே போதும். நாள் முழுதும் பல பணிகளைத் திறந்து வைப்பவர் டாஸ்க் வியூவுக்குப் பழகுவது நல்லது.