கொட்டிலுக்குத் தறப்பாள் வாங்குகிறவர்களுக்கு: நீலத்தை விடுங்கள், வெள்ளையைக் கேளுங்கள்

கொட்டிலில் இருக்கிற குடும்பத்துக்குத் தறப்பாள் வாங்கிக் கொடுக்க நினைத்தால், கடையில் முன்னுக்கு அடுக்கி வைத்திருக்கிற மெல்லிய நீலத் தறப்பாளை விட்டுவிடுங்கள். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானாலும் வெளிச்சம் ஊடுருவாத வெள்ளையைக் கேட்டு வாங்குங்கள். நான் கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பக்கம் முன்பள்ளி ஆசிரியை. வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் எங்கள் மாதர் சங்கத்துக்கு அனுப்புகிற காசில் இரண்டு வகையையும் வாங்கிக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாரி மழையிலும் சோளகக் காற்றிலும் இரண்டும் என்ன பாடு பட்டன என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சண்டை முடிந்து இவ்வளவு காலமாகியும் யார் கொட்டிலில் இருக்கிறார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். 2012 இல், இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாமை மூடியபோது முல்லைத்தீவுக் கேப்பாப்புலவுச் சனம் இராணுவத்திடம் இருந்த சொந்தக் காணிக்குப் போகவில்லை, சீனியாமோட்டையில் காடு வெட்டிய இடத்தில்தான் இறக்கப்பட்டது. எங்கள் பக்கத்துக் கதை வேறு. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்தபோது பள்ளிக்கூடங்களில் தங்கிய குடும்பங்கள், தண்ணீர் வடிந்து திரும்பியபோது மண்சுவர் கரைந்து கிடந்தது. அதற்குப் பிறகு வீட்டுத்திட்டம் வந்தது. அத்திவாரம் வெட்டிச் சுவர் எழும்பும்போது ஆட்சி மாறியது, அடுத்த கட்டக் காசு வரவில்லை. பாசி பிடித்த அந்த அரைச்சுவருக்குப் பக்கத்திலேயே கொட்டில் போட்டுப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். என் முன்பள்ளிக்கு வருகிற சில பிள்ளைகளுக்கு வீடு என்றால் அந்தக் கொட்டில் மட்டும்தான் தெரியும்.

நீலத் தறப்பாளில் எனக்குள்ள பெரிய குறை ஒழுக்கு இல்லை. இரவில் உள்ளே லைற் போட்டால் ஆட்களின் நிழல் அப்படியே வெளியில் தெரிகிறது. யார் படுத்திருக்கிறார்கள், யார் உடுப்பு மாற்றுகிறார்கள் என்று ஒழுங்கையில் போகிறவருக்குத் தெரியும். தகப்பன் இல்லாத ஒரு வீட்டில் தாய் என்னிடம் சொன்னா: "ரீச்சர், இவள் பெரிய பிள்ளையாகிட்டாள். பொழுதுபட்டா லைற்றை நூத்துப்போடுறாள். படிப்பும் இல்லை, ஒண்டும் இல்லை." அந்தக் கொட்டிலைச் சுற்றி வெள்ளையைக் கட்டிய பிறகு பிள்ளை லைற்றைப் போட்டுக்கொண்டு இருந்து படிக்கிறாள். கூரை மழையை மறைத்தால் போதும் என்று தறப்பாளை அளக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. பெண்பிள்ளை உள்ள வீட்டுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வெள்ளை ஏன் மறைக்கிறது என்றால், கறுப்பு இழையில் நெய்து இரண்டு பக்கமும் வெள்ளைப் பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள். நிவாரண நிறுவனங்கள் கொடுக்கிற தறப்பாள் இந்த வகைதான். 4 மீற்றருக்கு 5 அல்லது 6 மீற்றர் அளவு, சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவில் எடை. கடையில் அதே போல வெள்ளையாக, உள்ளே கறுப்பு இழை இல்லாததும் விற்கிறார்கள். நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு பக்கத்தில் போன் ரோர்ச்சை அடித்து மற்றப் பக்கம் பாருங்கள். வெளிச்சம் வந்தால் வேண்டாம். நிறுவனச் சின்னம் அடித்ததை யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள், அது வேறொரு குடும்பத்துக்குப் போயிருக்க வேண்டியது.

காற்றிலும் நீலம் நிற்கவில்லை. சோளகம் தொடங்கியதும் கயிறு கட்டுகிற வளையங்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்து வந்தன. வெயிலில் காய்ந்த துண்டுகள் அப்பளம் போல நொருங்கி வளவெல்லாம் பறந்தன. வெள்ளையில் வளையம் இருக்கிற இடத்தில் தடித்த பட்டி வைத்திருப்பதால் அது தாங்கியது.

வெள்ளையிலும் குறை இருக்கிறது. பகலில் உள்ளே இருட்டு. பங்குனி சித்திரை மத்தியானத்தில் எந்தத் தறப்பாளுக்குக் கீழேயும் கைக்குழந்தையைக் கிடத்த முடியாது. மழை பெய்தால் சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு எழும்பும். மேலே கிடுகு வேய்ந்தால் வெக்கையும் சத்தமும் குறைகிறது, தறப்பாளும் கூடக் காலம் நிற்கிறது. ஆகவே கிடுகுக்கும் காசு ஒதுக்குங்கள். அடுப்பையும் குப்பி விளக்கையும் கட்டாயம் வெளியே வைக்கச் சொல்லுங்கள், நெருப்புப் பிடித்தால் பிளாஸ்ரிக் உருகித் தலையில் விழும்.

குடும்பத்துக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுக்கும் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. ஒரு ஆளுக்கு 3.5 சதுர மீற்றராவது மூடிய இடம் வேண்டும் என்று ஸ்பியர் என்ற உலக நிவாரண அளவுகோல் சொல்கிறது. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் என்றால் 17.5. 4க்கு 5 தறப்பாள் விரித்தால் 20 வரும், கூரையாகச் சரித்துக் கட்டினால் கீழே நிலம் அவ்வளவு வராது. சுவருக்கும் உள்மறைப்புக்கும் என்ன செய்வது? இருபது குடும்பத்துக்கு ஒவ்வொன்று கொடுக்கிற காசில் பத்துக் குடும்பத்துக்கு இரண்டிரண்டு கொடுங்கள், மிச்சப் பத்துக்கும் சேர்த்துக் காசு தேடுங்கள். பாதிக் கொட்டிலில் பிள்ளை படுக்க ஏலாது.

கயிறும் தடியும் எல்லோரும் மறக்கிற சாமான். கப்பு நட ஆளும் கூலியும் இல்லாத தாய்மார் தறப்பாளை மடித்தபடியே வைத்திருந்ததைக் கண்டிருக்கிறேன். தடியின் அடியில் கழிவு ஒயில் பூசி நட்டால் கறையான் ஏறுவது குறையும். நாங்கள் இப்போது தறப்பாளோடு நைலோன் கயிறும் தடிக்கும் கூலிக்குமான காசும் சேர்த்தே கொடுக்கிறோம்.

ஐப்பசியில் மழை இறங்கினால் விலை ஏறும், நல்ல சரக்கும் முடிந்துவிடும். இந்த முறை ஆவணியிலேயே வாங்கப் போகிறோம். உதவ நினைக்கிறவர்கள் ஆடிக்குள் சொன்னால் எந்த வீட்டுக்கு எத்தனை, எந்த அளவு என்று போய் அளந்து வைத்துவிடுவோம்.