உங்கள் பணத்தில் ஆடுகிறேன் என்று வரும் ரோடு பிளேயரிடம் எச்சரிக்கை

ஹூஸ்டன், ஆஸ்டின், டாலஸ் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வந்திருக்கும் நம் ஆட்களில் வார இறுதியில் பில்லியர்ட்ஸ் ஹாலுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். லீக் ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். ஊர் ஊராகக் காரில் சுற்றி, பந்தயத்துக்கு ஆடிப் பிழைக்கும் ரோடு பிளேயர் ஒருவன் என்னிடமிருந்து 4,500 டாலரைக் கொண்டுபோய்விட்டான். இத்தனைக்கும் என்னோடு அவன் ஒரு ஆட்டம்கூடக் காசு வைத்து ஆடவில்லை.

நான் லீக் ஆடும் ஹாலுக்கு ஒரு சாயங்காலம் வந்தான். நாற்பதைத் தாண்டிய வயது, அமைதியான பேச்சு. ஒக்லஹோமாவிலிருந்து கிளம்பியதாகவும், ஐ-10 நெடுஞ்சாலையைப் பிடித்து போமாண்ட், லேக் சார்ல்ஸ், பேட்டன் ரூஜ் என்று ஆடிக்கொண்டே போய், ஜனவரியில் டெர்பி சிட்டி கிளாசிக்குக்குப் போய்ச் சேரப்போவதாகவும் சொன்னான். 1999இல் தொடங்கி லூயிவில் பக்கம் நடந்துவரும் பெரிய போட்டி அது. விடிய விடிய நடக்கும் பந்தய ஆட்டங்களுக்கும் பேர் போனது. என் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, க்யூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, தாங்கும் இடது கை ஆடுகிறது என்று திருத்தினான். அடுத்த நாளும் சொல்லிக்கொடுத்தான். காசு கொடுத்தால் வாங்கவில்லை. "நண்பர்களிடம் நான் காசு வாங்குவதில்லை" என்றான்.

அவன் சொன்ன கதைகளைக் கேட்டால் யாருக்கும் மனசு போகும். வாரக்கணக்கில் மோட்டல், சில நாள் காரிலேயே தூக்கம். சொந்த க்யூவை டிக்கியில் பூட்டிவிட்டு, பெயின்ட் கறை படிந்த சட்டையோடு பாருக்குள் போய், சுவரில் தொங்கும் கோணல் க்யூவை எடுத்து ஆடுவது. ஜெயித்தாலும் ஒரு பந்து வித்தியாசத்தில் மட்டும் ஜெயிப்பது. எந்த ஊரில் யார் எவ்வளவு ஆடுவான், எவனிடம் பணம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

பாரில் இருக்கும், காசு போட்டு ஆடும் 7 அடி மேசைக்கும் ஹாலில் இருக்கும் 9 அடி மேசைக்கும் ஆட்டமே மாறிவிடும் என்று ஆடிக் காட்டினான். பழைய காசு மேசைகள் சிலவற்றில், பாக்கெட்டுக்குள் போன வெள்ளைப் பந்தை (க்யூவால் நேராக அடிப்பது இதைத்தான்) மற்ற பந்துகளிலிருந்து பிரித்துத் திருப்பி அனுப்புவதற்காக அதைக் கொஞ்சம் பெரிதாகவோ கனமாகவோ வைத்திருப்பார்கள். கனமான வெள்ளைப் பந்தை, மற்ற பந்தில் மோதிய பிறகு பின்னால் வரவைப்பது கஷ்டம். அது பழகாத நல்ல ஆட்டக்காரன்கூட அங்கே தோற்றுப்போவான். இதெல்லாம் உண்மையான வித்தை. அவன் ஆட்டத்தில் பொய் இல்லை, அதை நான் இன்றும் சொல்வேன்.

இந்தப் பிழைப்புக்கு அமெரிக்காவில் நீண்ட சரித்திரம் உண்டு. இல்லினாய் மாநிலத்தில் ஜான்ஸ்டன் சிட்டி என்ற சின்ன ஊரில் ஜான்ஸ்கோ சகோதரர்கள் 1961இல் ஒரு போட்டி தொடங்கினார்கள். நாட்டின் பெரிய பந்தய ஆட்டக்காரர்கள் எல்லாம் வருஷா வருஷம் அங்கே கூடினார்கள். 1972இல் மத்திய அரசு ஏஜென்டுகள் ரெய்டு நடத்திய பிறகு அது நின்றுபோனது. ஹூஸ்டனுக்கே ஒரு கதை இருக்கிறது. பிலிப்பைன்ஸ் மேதை எஃப்ரென் ரேயெஸ் 1985இல் இங்கே ரெட்ஸ் ஹாலில் நடந்த போட்டியில் சீசர் மொராலெஸ் என்ற பெயரில் ஆடி ஜெயித்தார். அவர் பேர் அதற்கு முன்பே அமெரிக்க ஆட்டக்காரர்கள் காதில் விழுந்திருந்தது. முகம்தான் தெரியாது. அதனால்தான் வேறு பெயர்.

இன்றைக்கு அப்படி ஒளிய முடியாது. எல்லோர் கையிலும் போன். லீக்கிலோ போட்டியிலோ ஆடும் ஆட்டங்கள் ஃபார்கோரேட் என்ற தரப்பட்டியலில் ஏறிவிடுகின்றன. இரண்டு பேருக்கு 100 புள்ளி வித்தியாசம் என்றால், மேலே இருப்பவர் இரண்டு ஆட்டம் ஜெயிக்கும்போது கீழே இருப்பவர் ஒன்று ஜெயிப்பார் என்று கணக்கு. முன்பின் தெரியாதவன் வந்து பந்தயம் கேட்டால், க்யூவை எடுக்கும் முன்பே நாலு பேர் போனில் தேடிப் பார்க்கிறார்கள். எதிராளியை ஏமாற்றிச் சம்பாதிக்கும் வழி இப்படி அடைபட்டதால், இந்த ஆட்களில் சிலர் கூடவே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் கையை வைக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அதாவது, அவர்களுக்காகப் பணம் போடும் ஆளிடம்.

பணம் போடுகிறவரை இங்கே ஸ்டேக்ஹார்ஸ் என்பார்கள். ஏற்பாடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தோற்றால் முழு நஷ்டமும் பணம் போட்டவருக்கு. ஜெயித்தால் ஆளுக்குப் பாதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும், அவன் திறமை, நம் பணம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2,000 டாலர் ஆட்டத்தில் அவன் உயிரைக் கொடுத்து ஆடி ஜெயித்தால் அவனுக்கு 1,000 கிடைக்கும். எதிராளியோடு முன்பே பேசி வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தோற்றால், நம்முடைய 2,000ஐ இருவரும் பங்கு போடுவார்கள். அப்போதும் அவனுக்கு 1,000தான், ஆனால் அது நிச்சயமான ஆயிரம். வேலியே பயிரை மேய்வதற்கு இதைவிட வசதி வேண்டுமா? இதற்கு ஹால்களில் 'டம்ப்' என்று பேர்.

என் விஷயத்தில் நடந்தது இதுதான். ஹூஸ்டனில் பந்தயம் ஆடுகிற உள்ளூர்க்காரன் ஒருவனோடு நைன்-பால் ஆட ஏற்பாடானது. ஒன்று முதல் ஒன்பது வரை பந்துகள். மேசையில் இருப்பதில் சின்ன எண்ணைத்தான் முதலில் அடிக்க வேண்டும், ஒன்பதைப் போட்டவருக்கு ஆட்டம். பேச்சுவார்த்தையில் நம் ஆள் எதிராளிக்கு 8ஐ விட்டுக்கொடுத்தான். அதாவது அவன் 8ஐப் போட்டாலும் ஜெயித்த மாதிரி. முதலில் 9 ஆட்டம் ஜெயிப்பவருக்கு செட், ஒரு செட்டுக்கு 1,000 டாலர்.

முதல் செட்டை 9-7 என்று ஜெயித்தான். தன் பங்கு 500ஐ அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டான். மோட்டலுக்குக் கட்ட வேண்டும் என்றான். இரண்டாவது செட் போனது. "அவனுக்குச் சூடு ஏறியிருக்கிறது, இது தணியும், இரட்டிப்பாக்கு" என்றான். 2,000 டாலர் செட்டும் போனது. நாலாவதும் 2,000. அதில் 6-6 வரை வந்து, 8ஆம் பந்து பாக்கெட் வாயில் நேராக நிற்கிறது. வெள்ளைப் பந்தை அங்கேயே நிறுத்தினால் போதும், ஒன்பது கைக்கு எட்டிய தூரம். நிறுத்தாமல் ஒன்றரை அடி உருளவிட்டான். ஒன்பதுக்குக் கோணம் கெட்டது. மேசை ஓரத்துக் குஷனில் அடித்துப் போடப் பார்த்து, எதிராளிக்கு ஒன்பதைப் பாக்கெட் முனையில் வைத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு ஆட்டம்கூட வரவில்லை.

டம்ப் அடிப்பவன் சுலபமான பந்தைத் தவறவிடுவதில்லை. பந்தைப் போட்டுவிடுவான், வெள்ளைப் பந்தைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் வைப்பான். பாதுகாப்பாக ஆட வேண்டிய இடத்தில் தைரியமாக அடிப்பான். பார்ப்பவருக்குத் துரதிர்ஷ்டம் என்றுதான் தோன்றும். நேர்மையான ஆட்டக்காரனுக்கும் இதே தவறுகள் வரும் என்பதால் யாராலும் நிரூபிக்க முடியாது.

சில வாரம் கழித்து, எங்கள் லீக்கில் ஆடும் மதுரைத் தம்பி ஒருவன் லேக் சார்ல்ஸிலிருந்து போன் செய்தான். "அண்ணே, உங்க ஆளு இங்க ஆடிட்டிருக்கான். எதிர்ல ஆடுறது யாரு தெரியுமா? அன்னிக்கு உங்களை ஜெயிச்சவன். ரெண்டு பேரும் ஒரே கார்லதான் வந்து இறங்கினாங்க." இந்த முறை உள்ளூர்க்காரன் வெளியூர் ஆட்டக்காரனாக மாறியிருந்தான். லேக் சார்ல்ஸ்காரர் ஒருவர் என்னை ஏமாற்றியவனுக்குப் பணம் போட்டிருந்தார். தம்பி எச்சரிக்கும் முன்பே அவர் மூன்று செட் இழந்துவிட்டார். பிறகு அவரோடு போனில் பேசினேன். இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது, முதல் செட் ஜெயித்தது, உடனே பங்கு வாங்கியது, இரட்டிப்பாக்கச் சொன்னது எல்லாம் அவருக்கும் வரிசை மாறாமல் நடந்திருக்கிறது. மூன்றாவதாக இன்னொருவர் மாட்டியிருப்பாரோ என்ற கவலைதான் இதை எழுத வைத்தது.

போலீசுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். டெக்சாஸில் பொது இடத்தில் இப்படிப் பந்தயம் கட்டுவதே கிளாஸ் சி குற்றம், 500 டாலர் வரை அபராதம். விசாவில் இருப்பவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். குடியுரிமை கேட்கும்போது பார்க்கும் காலத்துக்குள் சூதாட்டக் குற்றத்தில் இரண்டு முறை தண்டனை இருந்தால் நன்னடத்தை இல்லை என்று சட்டமே சொல்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்திலும் சட்டவிரோதச் சூதாட்டம் பற்றிக் கேள்வி உண்டு. நாம் புகார் கொடுக்க முடியாது என்பது இந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நம்மைப் போன்றவர்களைத் தேடி வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே தயவுசெய்து யாருக்கும் பணம் போடாதீர்கள். மீறியும் போடத்தான் போகிறீர்கள் என்றால், ஆட்டக்காரனையும் தன் பணத்தில் பாதி போடச் சொல்லுங்கள். டம்ப் அடிக்க நினைப்பவன் அங்கேயே நழுவுவான். "நான் போட்டிகளில் ஆடுவதில்லை, எனக்கு ஃபார்கோ எண் கிடையாது" என்று ஒன்பது அடி மேசையில் வித்தை காட்டும் ஒருவன் சொன்னால், அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். விட்டுக்கொடுக்கும் பந்தை அவன் பேசி முடிக்க விடாதீர்கள். கவுண்டரில் நிற்கும் பழைய ஆளிடம் முதலில் கேளுங்கள். செட்டுக்குச் செட் தொகையை ஏற்றச் சொல்வது பணம் போட்டவர் உரிமை, ஆட்டக்காரன் அதைக் கேட்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

மாணவத் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கல்விக்கடன் பணத்தையோ, கிரெடிட் கார்டில் எடுத்த பணத்தையோ இதில் இறக்காதீர்கள். அந்த ஆளிடம் பேச்சு இனிமையாக இருக்கும், இரக்கமும் வரும்.

எனக்கு அவன் சொன்ன பெயரும் லேக் சார்ல்ஸ்காரருக்குச் சொன்ன பெயரும் வேறு வேறு. டாலஸ் பக்கம் போகப்போவதாக அங்கே யாரிடமோ சொன்னானாம். ஒக்லஹோமாவிலிருந்து வருகிறேன், ஜனவரிக்குள் டெர்பி சிட்டி போக வேண்டும் என்று சொல்லி, உங்கள் இடது கையைத் திருத்திவிட்டுக் காசு வாங்க மறுக்கும் ஒருவனைப் பார்த்தால், பணத்தை எடுக்கும் முன்பு எனக்கு எழுதுங்கள். இரண்டு பெயர்களையும் தருகிறேன்.