மலை வீட்டுக்கு ஓவியம்: எண்ணெயா, அக்ரிலிக்கா, குறும்பர் ஓவியமா?

ஊட்டியிலோ குன்னூரிலோ வீட்டுக்கென்று ஓவியம் சொல்லி வரையவைப்பவர்கள் என்ன படம், என்ன அளவு, எவ்வளவு ஆகும் என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். மாட்டப்போகும் சுவரில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, உண்டா என்று யாரும் யோசிப்பதில்லை. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. எந்தப் பக்கமானாலும் மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த தோல் செருப்பே பூசணம் பூத்துவிடுகிறது. கேன்வாஸும் காகிதமும் மட்டும் தப்புமா?

எண்ணெய் வண்ணத்துக்கு மதிப்பு அதிகம். முகம் வரைவதென்றால் அதற்கு ஈடு இல்லை என்பேன். மெதுவாகக் காய்வதால் கன்னத்து நிழலையும் வெளிச்சத்தையும் ஓவியர் நிதானமாகக் குழைத்துச் சேர்க்கலாம். தாத்தா பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோவைக் கொடுத்துப் பெரிதாக வரையச் சொல்பவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் அந்த மெதுவே இங்கே தொல்லை. இந்த வண்ணத்தைக் குழைக்கும் ஆளி விதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாவதில்லை, காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. குளிரில் அது இன்னும் தாமதமாகும். தொட்டால் கையில் ஒட்டாமல் இருக்கவே சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை பிடிக்கும். கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதம், ஒரு வருஷம் என்று விடுவது வழக்கம். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது எண்ணெய் ஓவியம் கேட்டால், நல்ல ஓவியர் முடியாது என்றுதான் சொல்வார். சரி என்று தலையாட்டுபவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

அவசரக்காரர்களுக்கு அக்ரிலிக், அதாவது தண்ணீரில் கலக்கும் பிளாஸ்டிக் வண்ணம். மெல்லிய பூச்சு ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும், மஞ்சளிக்காது, காய்ந்தபின் தண்ணீருக்கும் அசையாது. தேயிலைச் சரிவு, சோலைக்காடு, மலை ரயில் போன்ற காட்சிகளுக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். ஒரு நுணுக்கம் உண்டு: சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் அக்ரிலிக் பூச்சு ஒழுங்காகப் படியாது, பின்னால் வெடிக்கலாம். 2,240 மீட்டர் உயரத்தில் உறைபனி விழும் ஜனவரி ஊட்டியில், சூடேற்றாத அறையில் இரவில் வரைவது வீண். கோயம்புத்தூர் ஓவியர் என்றால் இந்தக் கவலையே இல்லை.

நீர்வண்ணத்தில் நீலகிரியின் மூடுபனி வருகிற மாதிரி வேறெதிலும் வராது. காகிதம்தான் பலவீனம். பருத்திக் காகிதம், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி, பின்பக்கம் அமிலமில்லாத அட்டை என்று சட்டத்துக்கும் தாராளமாகச் செலவு செய்யத் தயாரென்றால் மட்டும் கேளுங்கள். தஞ்சாவூர் ஓவியம் பூஜையறைக்கு அழகுதான். ஆனால் பலகை, துணி, சுண்ணம், பசை, எல்லாமே ஈரத்தை இழுப்பவை. ஓதச்சுவரில் வேண்டவே வேண்டாம்.

இத்தனைக்கும், பக்கத்திலேயே இருப்பதைப் பலர் கண்டுகொள்வதில்லை. கோத்தகிரி வட்டாரத்துப் பழங்குடிகளான ஆலுக்குறும்பர்கள் வரையும் ஓவியம் இந்த மலைக்கே உரியது. வெள்ளரிக்கொம்பை அருகே பழைய பாறை ஓவியங்களும் இருக்கின்றன. வேங்கை மரப் பிசினிலிருந்தும் இலை, மண்ணிலிருந்தும் எடுத்த வண்ணத்தில் தேனெடுப்பு, ஆட்டம், சடங்கு என்று எளிய கோட்டுருவங்கள் வரும். முன்பு திருவிழாக் காலத்தில் சுவர்களில் வரைந்ததை இப்போது காகிதத்திலும் துணியிலும் செய்கிறார்கள். இங்கே ‘சொல்லி வரையவைப்பது’ வேறு மாதிரி. அளவைச் சொல்லலாம், தேனெடுப்பா திருவிழாவா என்று சொல்லலாம். சோபா நிறத்துக்குப் பொருத்தமாக மாற்றித் தரச் சொல்வதும், நடுவில் உங்கள் பங்களாவையும் நாயையும் சேர்க்கச் சொல்வதும் அபத்தம். வரைபவரிடமே நேராக வாங்குங்கள், சொன்ன விலையைக் கொடுங்கள். கண்ணாடி போட்டு, வெயில் நேராகப் படாத இடத்தில் மாட்டவேண்டும், செடிவண்ணம் வெளிறும். என் ஹாலுக்கு என்றால் இதுதான். குடும்பப் படம் அவசியமென்றால் மட்டும் எண்ணெய், அதுவும் நேரம் கொடுத்து.

எதை எடுத்தாலும் முன்பணம், மாதிரிக் கோட்டோவியம், எத்தனை முறை திருத்தலாம், மலையேற்றிக் கொண்டுவரும் செலவு யாருடையது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து வரையவைத்த ஓவியத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வரையவைத்தவருக்கே. ஓவியர் அதை அச்சிட்டு விற்க விரும்பினால் அதையும் தாளில் சேர்க்கவேண்டும். அப்புறம் மாட்டும்போது படச்சட்டத்தின் பின்மூலைகளில் சிறு கார்க் துண்டுகளை ஒட்டச் சொல்லுங்கள், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். கணப்புக்கு மேலே மட்டும் வேண்டாம். பழைய பங்களாக்களில் அந்த இடம் படத்துக்கென்றே விட்டதுபோல் இருந்தாலும், சூடும் புகைக்கரியும் சில குளிர்காலத்திலேயே படத்தைக் கெடுத்துவிடும்.