காருகுறிச்சி மண்சட்டியில் சொதி

அம்பாசமுத்திரம் போகிற வழியில் காருகுறிச்சியில் வாங்கிய சட்டி. ரெண்டு லிட்டர் பிடிக்கும், மூடியோடு 280 ரூபாய். மழைக்காலம் வந்தால் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சூப்பு, ரசம், தேங்காய்ப்பால் குழம்பான சொதி எல்லாம் இதில்தான். நம்ம பக்கம் குளிர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஐப்பசியில் வெயிலே முகம் காட்டாமல் சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடக்குமே, நமக்கு அதுவே குளிர்தான்.

வாங்கும்போது விரலை மடக்கிச் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல சட்டி. சத்தம் அடைத்தாற்போல் வந்தால் எங்கேயோ கீறல் இருக்கு. அடி தட்டையானதாகக் கேட்டு வாங்குங்கள், உருண்டை அடி கேஸ் அடுப்பில் ஆடும். பழக்குவதற்குள் பொறுமை போய்விடும்: ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் வடிகஞ்சியை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, காயவைத்து, நல்லெண்ணெய் தடவி... செய்துதான் ஆகணும்.

முருங்கைக்கீரைச் சூப்பும் கொள்ளு ரசமும் இதில் நன்றாகவே வருகிறது. ஆனால் நான் இதை வாங்கியது சொதிக்காக. மறுவீட்டு விருந்துச் சொதி மாதிரி கனமாக இல்லாமல், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏற்றபடி இளசாக வைப்பேன். ஒரு பெரிய தேங்காயில் மூன்று பால். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு வேகும். வெந்த பாசிப்பருப்பு, அரைத்த இஞ்சி பச்சைமிளகாய், வதக்கிய சின்ன வெங்காயம், ரெண்டாம் பால் அடுத்து. எவர்சில்வர் பாத்திரம் என்றால் கெட்டிப்பாலை ஊற்றி, நுரை கூடியதும் இறக்கிவிடலாம். மண்சட்டியில் அப்படிச் செய்தால் பால் திரிந்துவிடும். அணைத்த பிறகும் உள்ளே தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். "ஏளா, அடுப்ப எப்பவோ அணைச்சாச்சு, இன்னும் கொதிக்குல்லா!" என்று அத்தையே எட்டிப் பார்த்தார்கள். அதனால் அணைத்து, கொதி அடங்கியதும் கெட்டிப்பாலை ஊற்றுங்கள், சட்டிச் சூடே போதும். எலுமிச்சைச் சாறு அதற்கும் பிறகு. தொட்டுக்க இஞ்சிப் பச்சடி இல்லாவிட்டால் அது சொதியே இல்லை என்பது என் கட்சி. கடைசி ஆள் சாப்பிட உட்காரும்போதும் சூடு இருக்கிறது, எனக்குப் பிடித்ததே அதுதான்.

குறை என்றால் மூடி. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நிற்கிறது, நான் எவர்சில்வர் தட்டைப் போட்டு மூடுகிறேன். இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஆகாது. காலையில் ஆபீஸுக்கு ஓடுகிற அவசரத்துக்கும் ஆகாது, சூடேறவே நேரம் பிடிக்கும். சோப்பு போடாதீர்கள், மண் அதைக் குடித்துவிடும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும். கோழிச் சாறு வைப்பவர்கள் அதற்கென்று தனிச் சட்டி வாங்கிக்கொள்ளுங்கள், வாடை போகாது.

சட்டி வாங்கக் காருகுறிச்சிக்குப் போவதென்றால் புரட்டாசிக்குள் போய்விடுங்கள். அடைமழை பிடித்தால் பச்சைச் சட்டி காயாது, சூளையும் போட முடியாது. அப்புறம் கார்த்திகை விளக்கு, பொங்கல் பானை என்று சட்டி செய்பவர்கள் அந்த வேலையில் இறங்கிவிடுவார்கள், குழம்புச் சட்டியில் நாலைந்துதான் மிஞ்சிக் கிடக்கும்.