ஜீப்ரா கிராசிங்: கேமராவா, போலீசா, மேடா?

ஜீப்ரா கிராசிங்கில் வண்டியை நிறுத்த கேமரா வைப்பதா, போலீஸை நிறுத்துவதா, ரோட்டையே மேடாக்குவதா என்பதுதான் கேள்வி. பாளையங்கோட்டையில் ரோட்டைக் கடக்க நிற்கும் ஆச்சி வெள்ளைக்கோட்டில் சட்டென்று காலை வைக்க மாட்டாள். கையைத்தான் நீட்டுவாள், வண்டி குறைந்த பிறகே இறங்குவாள். கேமரா திணறும் இடம் இதுதான். கடப்பவருக்கு வண்டி நின்று வழிவிட வேண்டும் என்று 2017-இன் ஓட்டுநர் ஒழுங்குமுறை சொல்கிறது. ஓரத்தில் நிற்பவர் கடக்கப்போகிறாரா, பஸ்ஸுக்கு நிற்கிறாரா என்பதை எதை வைத்து கேமரா முடிவு செய்யும்?

சிக்னல் இருந்தால் இந்த வம்பு இல்லை. சிவப்பில் கோட்டைத் தாண்டினால் படம், நம்பர், நேரம் எல்லாம் பதிவாகிவிடும். ‘நம்ம அண்ணாச்சி வண்டி’ என்ற சலுகையும் கிடையாது. செங்கோட்டை தாண்டி கேரளத்தில் 2023 ஜூனில் அபராதம் போடத் தொடங்கிய 726 கேமராக்களில் 675, ஹெல்மெட், சீட் பெல்ட் போன்றவற்றுக்கு. சிவப்பு விளக்கு மீறலுக்கு 18 மட்டுமே. சுலபமாகப் பிடிபடுவதைத்தான் அங்கேயும் அதிகம் பிடிக்கிறார்கள். இன்னொரு தொல்லை: விற்று வருஷமாகியும் பெயர் மாற்றாத டிஎன் 72 (திருநெல்வேலி) பைக்கின் அபராதம் பழைய சொந்தக்காரர் போனுக்குத்தான் வரும்.

போலீஸ்காரர் நின்றால் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. “ஏலே, பிள்ளைய போறது தெரியலையா?” என்று ஒரு அதட்டு போதும். அவர் கிளம்பியதும் பழைய கதைதான்.

நடைபாதை உயரத்துக்கே கடக்கும் இடத்தை மேடாக்கி இருபுறமும் சரிவு கொடுப்பது மூன்றாவது வழி. சிக்னல் இல்லாத இடத்துக்கு என் ஓட்டு இதற்கே. வண்டிக்காரன் தன் ஷாக் அப்சார்பருக்குப் பயந்தாவது வேகத்தைக் குறைப்பான். நம்பர் பிளேட் தெரிய வேண்டியதில்லை, நோட்டீஸும் வேண்டாம். ஆனால் வடிகால் விடாமல் கட்டினால் ஐப்பசி மழையில் மேட்டின் முன்னால் குளம்தான். பெயின்ட் அழிந்தால் ராத்திரியில் பைக் ஓட்டுபவர் விழுவார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் ஆம்புலன்ஸ் குலுங்கும். அங்கே கடப்பவரே பொத்தானை அழுத்தும் சிக்னலும் அதற்கொரு கேமராவும் மேல்.

திருநெல்வேலி டவுன் ரதவீதிகளில் மேடே ஆகாது. ஆனியில் நெல்லையப்பர் தேர் உருள வேண்டிய ரோடு அது. அங்கே போலீஸ்காரர்தான் நிற்க வேண்டும், தீபாவளி நெருங்கினால் இன்னும் இரண்டு பேர் கூடுதலாக.